அப்பாவின் பெயரில் பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்டலாமா?

கேள்வி: டீச்சர், எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தாத்தா கல் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தில்தான் அப்பா 1959இல் சேர்ந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். நானும் இரண்டு அண்ணன்மாரும் சாதாரண தரம் வரை அங்கேதான். அப்பா போன வருடம் தவறிவிட்டார். கடைசிவரை "பள்ளிக்கூடத்தை விட்டுறாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனடாவில் இருக்கும் பெரியண்ணன், 10 இலட்சம் ரூபாய் அனுப்புகிறேன், அப்பாவின் பெயரில் வாசலில் வளைவு கட்டுங்கள் என்கிறார். அதிபர் ஸ்மார்ட் போர்ட் கிடைத்தால் நல்லது என்கிறார். ஹட்டனில் கடை வைத்திருக்கும் சின்னண்ணனோ ஒரு சதமும் வேண்டாம் என்கிறார். முன்பு தண்ணீர்த் தாங்கிக்குச் சேர்த்த காசுக்கு அவர் கணக்குக் கேட்கப் போய் மனக்கசப்பாகிவிட்டது. தன் மகளை அவர் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததை வைத்து ஊரில் குத்திக்காட்டியும் பேசுகிறார்கள். நான் வத்தளையில் இருக்கிறேன். என் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் காலத்தில் 400 பிள்ளைகள், இப்போது 140தானாம். எழுபதுகளில் இந்தியாவுக்குப் போனவர்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு எழுதும் கடிதங்களை அப்பாதான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாராம், அதை நினைத்தால் அழுகை வருகிறது. என்ன செய்வது டீச்சர்?
— ஒரு வாசகி, வத்தளை

பதில்:

மகள், வளைவு வேண்டாம்.

சுற்றி வளைத்துச் சொன்னால் பெரியண்ணனுக்கு இன்னும் வலிக்கும், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் ஏன் வளைவு கேட்கிறார் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது. தூரத்தில் இருப்பவருக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும், வாசலில் பெயர் இருந்தால் அப்பாவே அங்கே நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்புகிற மாதிரி இருக்கும். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வளைவும் ஒரு கட்டடம்தான். உங்கள் பள்ளிக்கூடம் மாகாண சபைக்குக் கீழே உள்ளதென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும், சரிவான இடமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்க வேண்டும், பாதைக்கும் வாசலுக்கும் இடையில் கிடக்கும் துண்டு நிலம் தோட்டத்துடையதா பள்ளிக்கூடத்துடையதா என்று வேறு பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அதற்குப் பிறகும் மலையில் ஒரு கட்டடத்துக்கு எடுக்கும் அறிக்கையை வெறும் கடதாசி வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். இத்தனையும் முடித்துக் கட்டினாலும், ஆறாம் ஏழாம் மாத மழையில் நனைந்த சப்பாத்தோடு அந்த வளைவுக்குக் கீழே நடந்து போகிற பிள்ளைக்கு அதனால் என்ன கிடைக்கும்?

ஸ்மார்ட் போர்ட் விஷயத்தில் அதிபரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருப்பது தன் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நினைக்கிறார். நானும் அப்படி நினைத்தவள். நான் அதிபராக இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு நல்ல மனதோடு ஒருவர் எட்டு கணினி கொடுத்தார், மாலை போட்டு வரவேற்றோம். அறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியது, வருடத்தில் பாதி நாள் ஈரம், மின்சாரம் கூடிக் குறையும், திருத்த டவுனிலிருந்து ஆள் வந்தால் வந்து போகும் கூலியே எங்களிடம் இல்லை. இரண்டு வருடத்தில் மூன்றுதான் வேலை செய்தன. கொடுத்தவர் மறுபடி வந்தபோது அந்த அறையைத் திறந்து காட்ட எனக்கு முகமில்லை. பிழை அவருடையதல்ல, வாங்கும்போதே "பழுதானால் யார் பார்ப்பது" என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். அதனால் அதிபரிடம் இதை மட்டும் கேளுங்கள்: அறை காய்ந்திருக்கிறதா, மூன்றாவது வருடம் திருத்தக் காசு எங்கிருந்து வரும்? அவரிடம் தெளிவான பதில் இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

சரி, காசை ஒரு பக்கம் வைப்போம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசி வரிகள். அதற்குப் போகுமுன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

தோட்டப் பள்ளிக்கூடம் யாரும் ஆசையாகக் கொடுத்த ஒன்றல்ல. 1920ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் உள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. அதற்குப் பிறகும் பல இடங்களில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்பும் ஒரே அறை, மணிக்குப் பதில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பத்து வயது தாண்டினால் பிள்ளைக்கு மலையில் வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்கள். 1945இல் நாட்டுக்கே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்குள் வரவில்லை. 1948, 1949 சட்டங்களில் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையும் வாக்கும் போய்விட்டன. 1977 முதல்தான் அரசாங்கம் இந்தப் பள்ளிக்கூடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுப்பெடுத்தது. அப்படியென்றால் உங்கள் தாத்தா கல் சுமந்த காலத்தில் அவருக்கு இந்த நாட்டில் ஒரு வாக்குக் கூட இருந்திருக்காது. நாளெல்லாம் மலையில் நின்றுவிட்டு வந்தவர் தன் பிள்ளை படிக்கக் கல் தூக்கியிருக்கிறார், அது எப்படி ஒரு வேலை என்று நினைத்துப் பாருங்கள். கொழும்பிலும் கண்டியிலும் பெயர்போன பாடசாலைகளில் முதலாம் தரச் சேர்ப்பில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென்று 25 வீதம் ஒதுக்கியிருக்கிறது, அங்கே பழைய மாணவர் என்ற உறவுக்குப் புள்ளி கிடைக்கும், பிள்ளைக்கு இடம் கிடைக்கும். உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்றும் கிடைக்காது, போட்டியே இல்லை. இருந்தும் மூன்று தலைமுறையாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊரில் யார் என்ன பேசினாலும் இதை மனதில் வையுங்கள்.

நான் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்ற முதல் மாதம் அலுமாரியில் பழைய சேர்வு இடாப்பு ஒன்று கிடைத்தது. பெரிய புத்தகம், முதுகுப் பக்கம் கறையான் அரித்தது, தாளைத் திருப்பினால் புகை வாசம். சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், விலகிய திகதி, விலகிய காரணம். தொழில் என்ற இடத்தில் முதல் பிள்ளைக்கு மட்டும் "தொழிலாளி" என்று எழுதி, கீழே பக்கம் முழுக்க "மேற்படி", "மேற்படி" என்று இறங்கியிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு வந்தால், 1970களின் பக்கங்களில் விலகிய காரணம் "இந்தியா பயணம்". அதற்குக் கீழேயும் மேற்படி, மேற்படி. ஒரே மாதத்தில் ஒன்பது பிள்ளைகள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பிரஜாவுரிமை இல்லாமலிருந்த எங்கள் ஆட்களில் 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை எடுக்கும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது அந்த "மேற்படி"யாகத்தான். அந்தப் பிள்ளைகள் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ராமேஸ்வரம் போனார்கள். அன்று பின்னேரம் நான் வேறு வேலை பார்க்கவில்லை.

அதே இடாப்பைத் தேடித்தான் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், பெயர் ஒரு கடதாசியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டவர்கள், அடையாள அட்டைக்கு அலைந்தவர்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே இருப்பவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை என்றானபோதும் வந்தார்கள். ஒரு அம்மா தன் பெயர் இருக்கும் வரியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, இரண்டாம் வகுப்போடு நின்றவர். "இதுதானா சேர் நான்?" என்று பக்கத்தில் நின்ற கிராம சேவகரைக் கேட்டார்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். அந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டார் போல் போனவர்கள்தான் தமிழ்நாட்டில் மண்டபம் முகாமிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் லயத்துக்குக் கடிதம் எழுதினார்கள். வந்த கடிதத்தைப் பிரித்து, வாசலில் குந்தியிருக்கிற பத்துப் பேருக்கு முன்னால் வாசித்தவர் ஐந்தாம் வகுப்போடு நின்ற உங்கள் அப்பா. சாவுச் செய்தியை எப்படி வாசித்திருப்பார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுத்தது இதுதான், அதை அவர் லயத்துக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டுவிடாதீர்கள் என்று அவர் சொன்னபோது மனதில் வாசல் இருந்திருக்காது மகள். வாசிப்பு இருந்திருக்கும்.

அதனால் என் யோசனை இது. அந்த 10 இலட்சத்தை ஒரே தடவையில் கொடுத்து முடிக்காதீர்கள். மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம், வட்டியைச் சேர்க்காமலே எட்டு வருடம் ஓடும். அந்தக் காசில் தோட்டத்திலேயே உயர்தரம் படித்து முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்கோ வேலைக்கோ காத்திருக்கும் ஒரு பெண் பிள்ளையையோ பையனையோ பிடித்து, வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இரண்டாம், மூன்றாம் தரப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தச் சொல்லுங்கள். புலமைப்பரிசில் வகுப்பு வேண்டாம், அதை நடத்த ஆள் இருக்கிறார்கள், அதற்குப் பெற்றோர் எப்படியாவது காசு தேடுவார்கள். நான் சொல்வது பின்வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளைகளை. முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், மூன்றாம் தரம் முடியும்போது தமிழைத் தடங்கலில்லாமல் வாசிக்காத பிள்ளை, அதற்குப் பிறகு கணிதமும் வாசிக்காது, சமயமும் வாசிக்காது, கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டு மட்டும் இருக்கும். கொப்பி சுத்தமாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. எட்டாம் ஒன்பதாம் தரத்தில் ஒரு நாள் வராமல் போகும், கேட்டால் கொழும்பில் கடைக்குப் போய்விட்டான் என்பார்கள்.

பெரிய செலவில்லை இதற்கு. ஒரு பாய், படக்கதைப் புத்தகங்கள் ஐம்பது அறுபது, பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட்டும் சூடாகத் தேத்தண்ணியும். தேத்தண்ணியைக் குறைத்து நினைக்காதீர்கள், காலையில் ஒரு ரொட்டியோடு வந்த பிள்ளை இரண்டு மணிக்கு மேல் எழுத்தைப் பார்க்காது, அடுப்பைத்தான் நினைக்கும். புத்தகங்களை ஈரம் படாத அலுமாரியில் வைத்து, அந்த அலுமாரிக் கதவில் அப்பாவின் பெயரை எழுதுங்கள். பெரியண்ணனுக்கு அதைப் படம் பிடித்து அனுப்பலாம்.

பிள்ளைகளைப் படம் பிடிக்காதீர்கள். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். கொப்பிக் கட்டைக் கையில் கொடுத்து, வெயிலில் வரிசையாக நிறுத்தி, பின்னால் பதாகை கட்டி எடுத்து முகநூலில் போடுகிற பழக்கம் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. நானும் சின்ன வயதில் அப்படி ஒரு வரிசையில் நின்றவள்தான். வாங்கிய பென்சில் பெட்டியின் நிறம் மறந்துபோய்விட்டது, சிரி என்று சொல்லி ஒருவர் என் தாடையை நிமிர்த்தியது மறக்கவில்லை.

சின்னண்ணன் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். கணக்குக் கேட்டவர் கெட்டவரல்ல. அவர் கோபத்தில் ஒரு சதமும் வேண்டாம் என்கிறார், ஆனால் இந்த வேலைக்கு உங்களிடம் இருக்கும் மிகச் சரியான ஆள் அவர்தான், பக்கத்தில் இருக்கிறார், வியாபாரம் தெரிந்தவர், சந்தேகப்படவும் தெரிந்தவர். காசு யாருடைய கையிலும் போகக் கூடாது. அதிபரைத் தலைவராகக் கொண்ட பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் பேசி, இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று கூட்ட அறிக்கையில் எழுத வைத்து, சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மொத்தத்தையும் போட வேண்டாம், தவணைக்கு ஒரு தடவை, போன தவணையின் செலவைப் பார்த்த பிறகு அடுத்தது. அலுமாரியும் புத்தகமும் பொருட் பதிவேட்டில் ஏற வேண்டும், அதிபர் மாறிப் போனாலும் அப்போதுதான் அது பள்ளிக்கூடத்தில் இருக்கும். இப்படிக் கேட்டால் அதிபர் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். நேர்மையான அதிபருக்கு இது நிம்மதி, பிறகு ஊரில் யாரும் அவரைப் பார்த்து ஒரு சொல் சொல்ல முடியாது. பழைய தாங்கிக் கணக்கை இப்போது கிளற வேண்டாம் என்று அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அவர் மகளை டவுனில் சேர்த்ததைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். குடியிருப்பது ஹட்டனில், பிள்ளை எதற்குத் தினமும் தோட்டத்துக்குப் பஸ் ஏற வேண்டும்? அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் ஊராரின் பேச்சுக்கு அடியில் ஒரு உண்மையான வருத்தம் இருக்கிறது, அதை அவர் கேட்டுக்கொள்ள வேண்டும். வசதி வந்தவர்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும்போது, கூட்டத்தில் எழும்பி "கணித ஆசிரியர் ஏன் இல்லை" என்று கேட்கிற பெற்றோரும் சேர்ந்து போய்விடுகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் தொகையும் குறையும், ஆசிரியர் குறைந்தால் இருக்கிறவர்களும் டவுன் வேனைப் பார்ப்பார்கள். உங்கள் 400 பேர் 140 ஆனது இப்படியும்தான், ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போனதாலும்தான். அதனால் அண்ணன் பழைய மாணவர் சங்கத்துக்குத் திரும்பிப் போகட்டும், மகள் எங்கே படித்தாலும் சரி. கணித ஆசிரியர் வெற்றிடத்துக்கு வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுத, பதில் வராவிட்டால் நேரே போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும். லயத்திலிருந்து போகிற அம்மாவுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், கடைக்காரருக்கு அரை நாள்தான்.

அப்புறம் நீங்கள். உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றித்தான் குறைவாக எழுதியிருக்கிறீர்கள், குற்ற உணர்வு மட்டும் நிறைய இருக்கிறது. அதை விடுங்கள். வத்தளையில் பிள்ளைகளை வளர்ப்பது யாருக்கும் செய்கிற துரோகமல்ல. அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் விடுமுறையில் போகாதீர்கள், பூட்டிய பள்ளிக்கூடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும், இல்லாவிட்டால் நவராத்திரியில் வாணி விழா. ஒரு நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. உங்கள் பிள்ளைகளை மேடையில் ஏற்ற வேண்டாம், மற்றப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கடலையும் அவலும் சாப்பிடட்டும். 2023இல் மலையகம் 200 என்று, எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்தச் சமயத்தில் எத்தனையோ இளம் பிள்ளைகள் எங்கள் தாத்தா யார், எந்தத் தோட்டம் என்று தேடத் தொடங்கினார்கள். உங்கள் பிள்ளைகளும் ஒரு நாள் கேட்பார்கள், கேட்கும்போது அந்த இடம் அவர்களுக்குக் கொஞ்சமாவது தெரிந்திருக்கட்டும்.

போகுமுன் அதிபருக்கு ஒரு கோல் எடுத்து, 1959ஆம் ஆண்டுச் சேர்வு இடாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் தப்பியிருக்காது, மழையும் கறையானும் நிறையத் தின்றுவிட்டன. இருந்தால், அப்பாவின் பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள், அதிபர் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள், அடுத்தவர் விவரமும் அதில் இருக்கும். அப்பாவின் பெயரை நீங்கள் வாசித்துக் காட்டாதீர்கள். உங்கள் சின்னதை வாசிக்கச் சொல்லுங்கள். பழைய மாஸ்டர்மாரின் கூட்டெழுத்து, மையும் மங்கியிருக்கும், எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும், கொஞ்சம் நேரம் எடுக்கும் மகள், அவசரப்படுத்தாதீர்கள்.